கேஸ் போடுவதா, லீக்கைப் பிடிப்பதா? ராமநாதபுரம் கடற்கரையில் கார் ஏசிக்கு எது லாபம்

கார் ஏசியில் காற்று வருகிறது, குளிர் இல்லை. கடைக்காரர் பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்து "கேஸ் கம்மி" என்கிறார். தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை, அந்தப் பக்கம் கீழக்கரை, சாயல்குடி வரை, கார் வைத்திருக்கிற பலருக்கும் இது பழகிப்போன வசனம். அப்போது நம் முன்னால் இருக்கும் வழிகள் நாலு. கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டு ஓட்டலாம். ஓட்டையை உள்ளிருந்தே அடைத்துவிடும் என்று டப்பாவில் விற்கிற மருந்தை ஏற்றலாம். லீக் எங்கே என்று தேடிப்பிடித்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். இல்லையென்றால் கம்பெனி சர்வீஸில் விட்டு, அவர்கள் சொல்லும் பாகத்தையெல்லாம் மாற்றலாம்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனாலும் எல்லாக் காருக்கும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன். சில கார்களுக்கு கேஸை நிரப்பிக்கொண்டு காலத்தை ஓட்டுவதுதான் கணக்குப்படி சரியாக வரும். அது எப்போது என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், "கேஸ் கம்மி" என்ற தீர்ப்பே சரியா என்று பார்த்துவிட வேண்டும். முன்பக்க ஃபேன் சுற்றாவிட்டாலும், கேஸின் சூட்டை வெளியே விடும் கன்டென்சர் மண்ணடைத்துக் கிடந்தாலும், உள்ளே இருக்கும் ஏசி ஃபில்டர் அடைத்திருந்தாலும் குளிர் குறையும். கேஜை வைத்து ஏமாறுவதும் சுலபம். ஆர்-134ஏ கேஸ் உள்ளே கொஞ்சமாவது திரவமாக இருக்கிற வரைக்கும், இன்ஜின் நிற்கும்போது கேஜ் காட்டும் பிரஷர் வெளிச் சூட்டைப் பொறுத்ததே தவிர, கேஸின் அளவைப் பொறுத்ததல்ல. 32 டிகிரி வெயிலில் 500 கிராம் இருந்தாலும் 100 பிஎஸ்ஐயை ஒட்டித்தான் காட்டும். 200 கிராம் இருந்தாலும் அதையேதான் காட்டும். அதனால் நிற்கிற வண்டியில் கேஜை மாட்டி "ஃபுல்லா இருக்கு" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம், "பாதிதான் இருக்கு" என்றாலும் நம்ப வேண்டாம். உள்ளே இருப்பதை மெஷினால் முழுக்க வெளியே இழுத்து எடை போட்டால்தான் உண்மை தெரியும். எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்பது பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 350-லிருந்து 500 கிராமுக்குள் வரும்.

போன தடவை போட்ட கேஸ் எவ்வளவு நாள் நின்றது?

முடிவெடுக்க இந்த ஒரு கேள்விக்கான பதில் போதும் என்றுகூடச் சொல்வேன். ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் கசிவது எந்த வண்டியிலும் உண்டு. அதைத் தாங்கிக்கொண்டு பல வருடம் குளிர் குறையாமல் ஓடும். "வருஷா வருஷம் கேஸ் மாத்தணும்" என்று யாராவது சொன்னால், உங்கள் வண்டியில் லீக் இருக்கிறது என்பதைத்தான் அவர் வேறு விதமாகச் சொல்கிறார்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 500 கிராம் கொள்ளும் வண்டியில் 200 கிராம் போனதும் குளிர் குறைந்தது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு மாதத்தில் அப்படியானால் மாதத்துக்கு 50 கிராம். இது பெரிய லீக். சோப்பு நுரைக்கே மாட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் மொத்தமும் காலி என்றால் தேடவே வேண்டாம், எண்ணெய்க் கறை வழியைக் காட்டிவிடும். மூன்று வருடம் கழித்துத்தான் குறைகிறது என்றால் வருடத்துக்கு 65 கிராம் சொச்சம். அது நுரையில் தெரியாது. கசியும் கேஸை மோப்பம் பிடிக்கும் நல்ல டிடெக்டர் உள்ள கடையைத் தேடிப் போக வேண்டும், அல்லது லீக்கை அப்படியே விட்டுவிட வேண்டும்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன விதிவிலக்கு வருகிறது. வண்டிக்குப் பத்து வயதாகிவிட்டது, கேஸ் இரண்டு மூன்று வருடம் நிற்கிறது, கொஞ்ச நாளில் விற்றுவிடும் எண்ணமும் இருக்கிறது என்றால் கேஸை மட்டும் நிரப்பிக்கொண்டு போகலாம். ஒரு தடவை கேஸ் போட 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், அந்த வேகத்தில் கசியும் லீக்கை அடைக்க 12,000 செலவழித்து அதைத் திரும்ப எடுக்கப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வருடம் ஆகும். வண்டி அதுவரை இருக்காது.

கேஸ் ஆறு மாதம்கூட நிற்காத வண்டிக்கு இதே யோசனை ஆகாது. பஞ்சரான டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிற கதைதான் அது, நஷ்டம் மட்டும் இன்னும் பெரிது. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்துதான் குழாய் முழுக்கச் சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெய் கம்ப்ரசருக்குச் சரியாகத் திரும்பாது. லீக் வழியாகக் கொஞ்சம் வெளியேயும் போய்விடும். பிரஷர் ரொம்பக் குறைந்தால் கம்ப்ரசரை நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டுதான். ஆனால் அது கடைசிக் கட்டத்தில்தான் வேலை செய்யும். அதற்கு முந்தைய பல வாரம் கம்ப்ரசர் அரைப் பட்டினியில் ஓடியிருக்கும். ஒரு நாள் அது ஜாம் ஆகி உலோகத் துகளைக் கக்கினால் கன்டென்சர், கேஸை மெல்லிய வழியில் விடும் எக்ஸ்பான்ஷன் வால்வ், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு வைக்கும். ராமேஸ்வரத்தில் யாத்திரை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதல் ஆபத்து. நாள் முழுக்க ஏசி ஓடும், தனுஷ்கோடிக்குப் போய் நின்றாலும் வண்டிக்குள் ஆள் இருப்பதால் ஏசியை அணைக்க முடியாது.

சரி, சூழல் பற்றி ஒரு வரி. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 500 கிராமைக் காற்றில் விட்டால் சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. இதைச் சொன்னால் கடையில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

டப்பா மருந்து

லீக்கை அடைக்கும் மருந்து பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வெளிக் காற்றும் ஈரமும் படும் இடத்தில் இறுகி ஓட்டையை மூடும் என்பதுதான் அதன் வேலை. ஏசிக் குழாய்க்குள் ஏற்கெனவே ஈரம் இருந்தால் உள்ளேயே இறுகும். மயிரிழை வழியுள்ள எக்ஸ்பான்ஷன் வால்வையும் டிரையரையும் அடைக்கும். பிறகு நல்ல கடைக்குப் போனால், கேஸ் இழுக்கும் மெஷின் கெட்டுவிடும் என்று மருந்து போட்ட வண்டியைத் தொடவே மாட்டார்கள். கடற்கரையில் அரித்துப்போன கன்டென்சரில் ஓட்டை ஒன்றோடு நிற்பதும் இல்லை. இதை வாங்க வேண்டாம்.

லீக்கைத் தேடும் முறைகளில் எது?

முதல் கருவி கண். கேஸ் போகும் இடத்தில் எண்ணெயும் கசியும், எண்ணெயில் புழுதி ஒட்டும். குழாய் இணைப்பு, கம்ப்ரசரின் முன்பக்கம், ஹோஸ் ரப்பரும் அலுமினியமும் சேரும் இடம், கன்டென்சரின் கீழ் மூலைகள் ஆகியவற்றில் ஈரமான கறுப்புக் கறை இருந்தால் பாதி வேலை முடிந்தது. கேஸ் ஏற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே இருக்கும் பின் வால்வ் மேல் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் நூறு இருநூறில் முடிகிற வேலை. பல கடைகளில் இதைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள் என்பது என் நெடுநாள் எரிச்சல். அந்த மூடி தொலைந்துபோன வண்டிகளும் இங்கே நிறைய. உப்புக்காற்று நேராக வால்வில் படும். முதலில் மூடி வாங்கிப் போடுங்கள்.

சோப்பு நுரைக்குச் செலவில்லை. பெரிய லீக்குக்கு அதுவே போதும். ஆனால் உள்ளே பிரஷர் இருக்க வேண்டும், கை போகிற இடமாக இருக்க வேண்டும், காற்று அடிக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் வைத்துப் பார்த்தால் நுரை காய்ந்துவிடும்.

அடுத்தது வேக்கம். பம்பை வைத்து உறிஞ்சிவிட்டு, "முள்ளு இறங்கல, லீக் இல்ல" என்று சொல்வது ரொம்பச் சகஜம். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேக்கத்தில் வெளியிலிருந்து உள்ளே அழுத்துவது வெறும் 15 பிஎஸ்ஐ. வண்டி ஓடும்போது உள்ளிருந்து வெளியே தள்ளுவது ஒரு பக்கம் 30, 40. மறுபக்கம் 200-க்கு மேல். வெளிப்பக்கம் தள்ளினால் திறக்கும் ஓட்டை, உள்பக்கம் இழுத்தால் மூடிக்கொள்ளவும் செய்யும். குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை எடுக்க வேக்கம் கட்டாயம் வேண்டும், அரை மணி நேரமாவது ஓட வேண்டும். லீக் பரிசோதனை என்று அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நைட்ரஜன் நல்ல முறை. இருக்கிற கேஸை மெஷினில் வாங்கிவிட்டு, ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ அளவில் காய்ந்த நைட்ரஜன் ஏற்றி, நுரையை வைத்துத் தேடுவார்கள். ஒருவேளை இரவு முழுக்க விட்டு முள்ளைப் பார்ப்பார்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: சாயங்காலம் 36 டிகிரியில் 150 ஏற்றினால், விடியற்காலை 27 டிகிரியில் லீக்கே இல்லாமலும் 145 காட்டும். சூடு குறைந்தால் பிரஷரும் குறையும், அவ்வளவுதான். அந்த 5 பிஎஸ்ஐயைக் காட்டி யாராவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலை மாற்றச் சொன்னால், மறுநாள் அதே சூட்டில் முள் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். நைட்ரஜன் இல்லை என்று டயருக்கு அடிக்கிற கம்ப்ரசர் காற்றை ஏற்றுகிற கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காற்றோடு ஈரம் உள்ளே போகும். தவிர, பிரஷரில் காற்றும் ஆர்-134ஏவும் கலந்தால் அது தீப்பிடிக்கக்கூடிய கலவை ஆகலாம். ஆக்சிஜன் சிலிண்டர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சின்ன லீக்குக்கு இரண்டு வழி: யுவி டை, எலெக்ட்ரானிக் டிடெக்டர். டை என்பது எண்ணெயில் கலக்கும் சாயம். சில மில்லி ஏற்றி, சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் ஊதா டார்ச் அடித்தால் கசிந்த இடம் பச்சையாக ஒளிரும். மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ இருந்துகொண்டு ராமநாதபுரம் கடைக்கு அடிக்கடி போகிறவருக்கு இது வசதி. சும்மா ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு அடுத்த முறை போகும்போது காட்டினால் போதும். காட்சி கண்ணுக்கு நேராகத் தெரிவதால் கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலையும் இல்லை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மட்டும் டை தடுமாறும். அங்கே வடியும் தண்ணீர் சாயத்தைக் கழுவிவிடும். தண்ணீர் சொட்டும் குழாயின் நுனியில் ஒளிர்கிறதா என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

டிடெக்டர் அந்த இடத்தில்தான் ஜெயிக்கும். தரமான டிடெக்டர் வருடத்துக்கு 4 கிராம் கசியும் லீக்கைக்கூடப் பிடிக்கும். ஆனால் கருவியை வைத்திருப்பது வேறு, பயன்படுத்தத் தெரிவது வேறு. கேஸ் காற்றைவிட மூன்றரை மடங்கு கனம், அதனால் இணைப்புக்குக் கீழே டிடெக்டரின் மூக்கை வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். கூலிங் காயிலுக்கு, ஏசியை ஓட்டிவிட்டு எல்லாவற்றையும் அணைத்து, கேஸ் தேங்குவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, தண்ணீர் வடியும் குழாயிலோ பிளோயர் வழியிலோ நுழைக்க வேண்டும். டேஷ்போர்டு பாலிஷ், கார் சென்ட், பெட்ரோல் வாடை எல்லாவற்றுக்கும் சில டிடெக்டர்கள் கத்தும். கடலோரக் காற்று வீசும் திறந்த வெளியில் டிடெக்டர் சுத்தமாக உபயோகமில்லை. ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்திப் பார்க்கிற கடைக்காரர் கிடைத்தால் அவருக்குத் தேடுகூலி எவ்வளவு கேட்டாலும் கொடுக்கலாம். நம் ஊரில் தேடுவதற்குக் கூலி கொடுக்க மனம் வருவதில்லை, மாற்றிய பாகத்துக்கு மட்டும்தான் வருகிறது. அதனால்தான் கடைக்காரரும் தேடாமல் பாகத்தை மாற்றுகிறார்.

கன்டென்சர்: ஒட்டுவதா, மாற்றுவதா?

கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்க்காரருக்கும் நமக்கும் கணக்கு மாறுவது இந்த இடத்தில்தான். கன்டென்சர் கிரில்லுக்குப் பின்னால், காற்றை நேராக வாங்கும் இடத்தில் நிற்கிறது. முழுக்க அலுமினியம், தாளைப் போன்ற சுவருள்ள தட்டைக் குழாய்கள். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு பாதுகாப்புப் படலம் உண்டு. உப்பில் உள்ள குளோரைடு அதை அங்கங்கே புள்ளியாக உடைத்துக்கொண்டு உள்ளே குடையும். இந்தக் கரையின் உப்புக்காற்று எவ்வளவு கெட்டது என்பதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. உலோக அரிப்பை ஆராயும் காரைக்குடி ஆய்வகம் தன் சோதனை நிலையத்தை மண்டபத்தில்தான் வைத்தது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவைத்ததும் தூக்குப்பகுதியில் ஏறிய இந்த அரிப்புதான்.

கன்டென்சரில் ஓட்டை என்றதும் வரும் மலிவான யோசனை ஆர்கான் வெல்டிங். இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கன்டென்சருக்கு வரும் தடித்த அலுமினியக் குழாயோ, பக்கவாட்டுத் தொட்டியோ உடைந்தால் நல்ல கைவேலைக்காரர் ஒட்டுவது நிற்கும். வண்டி எங்காவது இடித்து, குழாய் மட்டும் விரிசல் விட்டிருந்தால் தாராளமாக ஒட்டலாம். நடுவில் இருக்கும் தட்டைக் குழாயில் வெள்ளைப் பொடி பூத்து, எண்ணெய் கசிந்து ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டாதீர்கள். வெல்டிங் சூட்டைத் தாங்கும் கனம் அந்தச் சுவருக்குக் கிடையாது. தாங்கினாலும், ஒரு ஓட்டை விழும் அளவுக்கு அரித்த கன்டென்சரில் அடுத்த ஓட்டை பக்கத்திலேயே தயாராக இருக்கும். எம்-சீல் வைத்து அடைத்துத் தருகிறேன் என்பவர்களும் உண்டு. ஓடும்போது அங்கே இருக்கும் பிரஷரை மேலே சொன்னேன்.

மாற்றுவது என்று முடிவானால் ஒரிஜினலா, லோக்கலா? வேறு பாகங்களில் நான் லோக்கலுக்கு எதிரி அல்ல. கன்டென்சருக்கு மட்டும், அதுவும் இந்தக் கரையில், கூடுதல் விலை கொடுத்தாலும் ஒரிஜினல் அல்லது வண்டிக் கம்பெனிக்கே சப்ளை செய்யும் பிராண்டு என்பேன். மலிவான கன்டென்சரில் சேமிக்கிற காசு பெரும்பாலும் அலுமினியக் கனத்திலும் மேற்பூச்சிலும்தான் குறைகிறது. மதுரையில் அது வருடக்கணக்கில் தாங்கும். உச்சிப்புளிக்குக் கிழக்கே தினமும் ஓடும் வண்டிக்கு அந்தப் பூச்சுதான் ஆயுள். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் செகண்ட் ஹேண்ட் கன்டென்சர் எடுப்பதென்றால், உள்ளூர் வண்டியின் கன்டென்சரை எடுக்காதீர்கள். பல மாடல்களில் டிரையர் கன்டென்சரின் பக்கத்திலேயே பொருந்தியிருக்கும். சிஸ்டத்தைத் திறந்தால் டிரையர் புதிதாகத்தான் இருக்க வேண்டும், அதில் பேரம் வேண்டாம். இறக்கிய ஒவ்வொரு இணைப்புக்கும் புது ஓ-ரிங் போட வேண்டும். ஏசிக்கென்று வரும் ஓ-ரிங், பிளம்பிங் கடையில் வாங்கிய கறுப்பு வாஷர் அல்ல. பழைய கன்டென்சரோடு போன எண்ணெயை அளந்து திருப்பி ஊற்றினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கழுவுகிற விஷயம். கன்டென்சரை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவினால் உப்பு தங்காது. ஆனால் நம் பக்கம் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர். அதை அடித்துக் கழுவினால் காயக் காய உப்புதான் மிஞ்சும். குடிக்கிற தண்ணீரைத் தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தள்ளிக்கொண்டு வரும் ஊரில் காருக்குக் காவிரித் தண்ணீரா என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு குடம் போதும், கிரில் வழியாக மெதுவாக ஊற்றினால் சரி. வாட்டர் சர்வீஸின் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும், காற்று போகாது. ஆசிட் கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம்.

குழாய்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு ஈரம் இருந்தால் அலுமினியம்தான் தின்னப்படும். கிளாம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஓட்டையை நுரையும் காட்டாது. கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். திரும்ப மாட்டும்போது நடுவில் ரப்பர் இருக்க வேண்டும்.

டேஷ்போர்டைக் கழற்றச் சொன்னால்

கூலிங் காயில் லீக் என்றால் செலவு பாகத்தில் இல்லை, கூலியில். பல கார்களில் டேஷ்போர்டு முழுவதும் இறங்க வேண்டும், ஒரு நாள் வேலை. திரும்ப மாட்டிய பிறகு எங்காவது கடகடவென்று சத்தம் கேட்கும், அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். சில மாடல்களில் கிளவ் பாக்ஸ் பக்கமாகவே உருவி எடுக்கலாம். உங்கள் மாடலில் எப்படி என்பதை அந்த மாடலில் ஏற்கெனவே செய்த கைவேலைக்காரரிடம் கேளுங்கள்.

அதனால் இங்கே சந்தேகத்தின் பேரில் முடிவெடுக்கக் கூடாது. டிடெக்டர் வடிகுழாயில் இரண்டு தடவை கத்த வேண்டும், வெளியே இருக்கும் எல்லா இணைப்பும் சுத்தம் என்று தெரிய வேண்டும். பிறகுதான் டேஷ்போர்டில் கை வைக்க விட வேண்டும். கழற்றுவது என்றாகிவிட்டால் காயிலோடு எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றிவிடுங்கள். அதற்காக இன்னொரு தடவை கழற்றுவது கொடுமை. நிதானமாகக் கசியும் கூலிங் காயில், வயதான வண்டி, இந்த இரண்டும் சேர்ந்தால் கேஸ் நிரப்பிக்கொண்டு ஓட்டுவதற்கே நான் கை தூக்குவேன்.

அதற்கும் ஒரு நிபந்தனை: போடுகிற கேஸ் உண்மையான ஆர்-134ஏவாக இருக்க வேண்டும். மலிவுக்காக எரியும் வாயு கலந்த கேஸ் கூலிங் காயில் வழியாகக் கசிந்தால் அது சேர்வது கண்ணாடி ஏற்றிய காருக்குள். கலப்படம் சும்மா பேச்சில்லை. 2011-ல் போலி ஆர்-134ஏ ஏற்றிய கப்பல் குளிர் கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதில் கலந்திருந்த மீதைல் குளோரைடு அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறியிருந்தது. சிலிண்டரையும் சீலையும் காட்டச் சொல்லிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

புது மாடல் சிலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் வருகிறது. ஸ்டிக்கரில் அப்படி இருந்தால் மேலே போட்ட கணக்கு தலைகீழ். அந்த கேஸ் விலை மிக அதிகம், லேசாகத் தீப்பிடிக்கக்கூடியதும்கூட. நிரப்பிக்கொண்டு ஓட்டும் பேச்சுக்கே அங்கே இடமில்லை. முதல் தடவையிலேயே லீக்கைப் பிடித்துவிட வேண்டும். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார் என்றால் கம்ப்ரசர் எண்ணெயே வேறு. தெருமுனைக் கடையில் காட்டாதீர்கள், கம்பெனிக்கே போங்கள்.

எந்தக் கடை?

ஓ-ரிங், பின் வால்வ், ஹோஸ், கன்டென்சர் இதெல்லாம் உள்ளூரிலேயே முடியும் வேலை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். இதற்காக அங்கே போவது டீசலுக்குக் கேடு. கூலிங் காயில், கம்ப்ரசர் என்று வந்தால் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ அந்த மாடலைப் பழகிய பெரிய கடை நல்லது. கம்பெனி சர்வீஸில் கேஸை எடைபோட்டு இழுக்கவும் ஏற்றவும் மெஷின் இருக்கும், பாகம் ஒரிஜினல், வாரன்டி உண்டு. ஆனால் அவர்கள் எதையும் ஒட்ட மாட்டார்கள். ஹோஸில் ஒரு முனை கசிந்தாலும் முழு ஹோஸ் செட். வாரன்டிக்குள் இருக்கும் வண்டிக்கு வேறு யோசனையே வேண்டாம், கம்பெனிதான். வாரன்டி முடிந்த வண்டிக்கு, தேடுவதைக் கம்பெனியில் காசு கொடுத்துச் செய்து, பாகம் மாற்றுவதை வெளியே வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனம்தான்.

எங்கே போனாலும் எத்தனை கிராம் வெளியே வந்தது, எத்தனை கிராம் ஏறியது, தேதி என்ன என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அடுத்த தடவை லீக் எவ்வளவு வேகம் என்பதை ஊகிக்காமல் கணக்காகச் சொல்ல அந்த இரண்டு எண் போதும்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் இன்னொரு வகை வண்டி உண்டு. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், கார் ஷெட்டில் மூடிக் கிடக்கும், லீவுக்கு வந்து எடுத்தால் கேஸ் இருக்காது. ஓடாத வண்டியில் எப்படி லீக் என்று ஆச்சரியப்படுவார். ஓடாததுதான் காரணமாக இருக்கும். கம்ப்ரசர் தண்டைச் சுற்றியுள்ள சீல் எண்ணெயில் நனைந்திருக்கும்வரைதான் சரியாக மூடும். மாதக்கணக்கில் நின்றால் காய்ந்து கசியும். இந்த வண்டிக்கு உடனே கம்ப்ரசரை மாற்றாதீர்கள். முதலில் கேஸும் எண்ணெயும் சரியாக ஏற்றி, லீவு முழுக்க ஏசியோடு ஓட்டிப் பாருங்கள். சீல் மறுபடி பிடித்துக்கொள்வதும் உண்டு. பிடிக்காவிட்டால் சீல் மட்டும் கிடைக்கிறதா என்று கேளுங்கள், அப்புறம் கம்ப்ரசர். திரும்பக் கிளம்பும்போது வீட்டில் யாராவது வாரத்துக்கு ஒரு தடவை இன்ஜினை எடுத்துப் பத்து நிமிடம் ஏசி போட ஆள் இருந்தால் இந்தச் செலவு வீண் போகாது. அப்படி ஆள் இல்லையென்றால் ரிப்பேரையே அடுத்த லீவுக்குத் தள்ளிவைக்கலாம். அதுவரை யாரும் அந்தக் காரில் உட்காரப் போவதில்லை.